பங்குனி வெண்பனியும் மலைச்சரிவின் முகமும்

தரையில் விழுந்த வெண்பனி ஒரு நாள்கூட விழுந்தபடியே இருப்பதில்லை என்பதுதான், வசந்தகாலப் பனிச்சறுக்குப் பயணத்தைத் திட்டமிடும் நண்பர் குழு முதலில் அறிந்துகொள்ள வேண்டிய செய்தி. வள்ளியூரிலிருந்தோ பணகுடியிலிருந்தோ சிலர் சேர்ந்து மாசிக் கடைசியிலோ பங்குனித் தொடக்கத்திலோ இமயமலைக்குப் புறப்பட எண்ணும்போது, அவர்கள் பேச்சு பெரும்பாலும் குல்மார்க்கா, அவுலியா, மணாலியா என்று ஊர்ப் பெயர்களைச் சுற்றியே அமைகிறது; ஆனால் அந்தப் பருவத்தில் சறுக்குவதற்கு ஏற்ற பனி கிடைக்குமா என்பதை முடிவு செய்வன ஊரின் புகழோ விடுதியின் வசதியோ அல்ல, சரிவு எவ்வளவு உயரத்தில் உள்ளது, அது எத்திசையை நோக்கியுள்ளது, முந்தைய இரவில் வானம் தெளிந்திருந்ததா என்னும் மூன்றுமே ஆகும்.

உயரத்திலிருந்து தொடங்கலாம். வள்ளியூருக்கு மேற்கே வானத்தை அடைத்து நிற்கும் மகேந்திரகிரி 1,654 மீட்டர் உயரமுடையது. தாமிரபரணி பிறக்கும் பொதிகையின் அகத்தியர் மலை 1,868 மீட்டர். தாழ்வளிமண்டலத்தில் மேலே செல்லச் செல்ல வெப்பநிலை சராசரியாக ஒவ்வொரு 1,000 மீட்டருக்கும் 6.5 டிகிரி செல்சியஸ் குறைகிறது என்பதால், நெல்லைச் சமவெளிக்கு நேர் மேலே காற்றின் வெப்பநிலை பூஜ்யத்தைத் தொடும் உயரம், அதாவது உறைமட்டம், ஆண்டு முழுவதும் ஏறத்தாழ 5,000 மீட்டரை ஒட்டியே இருக்கிறது. ஆகவே இங்குள்ள எந்தச் சிகரமும் அதை எட்டுவதில்லை. தென்னிந்தியாவின் மிக உயர்ந்த சிகரமான ஆனைமுடி 2,695 மீட்டர், காஷ்மீரின் குல்மார்க் ஊர் ஏறத்தாழ 2,650 மீட்டர் என்பது பலருக்கு வியப்பளிக்கும். ஏறக்குறைய ஒரே உயரத்திலுள்ள இவ்விரு இடங்களில் ஒன்று என்றும் பசுமையாகவும், மற்றது குளிர்காலத்தில் ஆளுயரப் பனியாகவும் இருப்பதற்குக் காரணம், முன்னது 10 பாகை அட்சக்கோட்டிலும் பின்னது 34 பாகை அட்சக்கோட்டிலும் இருப்பதே. நிலநடுக்கோட்டிலிருந்து விலகிச் செல்லுந்தோறும் குளிர்கால உறைமட்டம் தாழ்ந்து, காஷ்மீரில் அது சனவரியில் பள்ளத்தாக்கின் தரைவரைக்கும் இறங்கிவிடுகிறது. வசந்தம் வரவர மீண்டும் மேலேறுகிறது. அப்படி ஏறும் உறைமட்டத்துக்கு மேலே இருக்கும் சரிவை நாடிச் செல்வதே பங்குனிப் பயணத்தின் முதல் விதி.

குளிர் மட்டும் பனியைத் தந்துவிடாது, ஈரமும் வேண்டும். தமிழகத்தின் தெற்குப் பகுதிக்கு ஐப்பசி, கார்த்திகை மழையை வடகிழக்குப் பருவக்காற்று கொண்டுவருவதுபோல் வடமேற்கு இமயத்துக்கு நீர் கொண்டுவருவன ‘மேற்கத்திய இடையூறுகள்’ எனப்படும் காற்றழுத்தத் தாழ்வுகளாகும். நடுநிலக்கடற் பகுதியில் உருவாகி, உயர்வளியில் மேற்கிலிருந்து கிழக்காக விரையும் தாரைக்காற்றினால் உந்தப்பட்டு, வழியில் காஸ்பியன் கடல், அரபிக்கடல் ஆகியவற்றின் ஈரத்தையும் சேர்த்துக்கொண்டு வரும் இத்தாழ்வுகள் திசம்பர் முதல் மார்ச்சு வரை ஒவ்வொரு மாதமும் சில முறை வந்து மோதுகின்றன. மோதும் மலையின் எப்பக்கம் நனையும், எப்பக்கம் காயும் என்பதை வள்ளியூர்க்காரருக்கு விளக்க வேண்டியதில்லை. ஆனி, ஆடி மாதங்களில் தென்மேற்குக் காற்று நாஞ்சில் நாட்டுப் பக்கம் ஈரத்தைக் கொட்டிவிட்டு, ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக முப்பந்தல் காற்றாலைகளைச் சுழற்றியபடி வறண்ட வேகமாக மட்டுமே இராதாபுரம் வட்டாரத்துக்குள் நுழைகிறது. அதே இயற்பியல்தான் அங்கும் செயல்படுகிறது: மேற்கிலிருந்து வரும் ஈரத்தைப் பீர் பஞ்சால் மலைத்தொடர் முதலில் தாங்கிக்கொள்வதால் அதன் மடியிலுள்ள குல்மார்க் பெரும் பனியைப் பெறுகிறது, பெருமலைகளுக்கு அப்பாலுள்ள லே நகருக்கு ஆண்டு முழுவதும் சேர்த்தே ஏறத்தாழ 100 மில்லிமீட்டர்தான் கிட்டுகிறது. குளிர் கடுமையாக இருக்கும் இடமெல்லாம் பனிச்சறுக்குக்கு ஏற்ற இடமாகாததன் காரணம் இதுவே.

இனி, விழுந்த பனிக்கு என்ன நேர்கிறது என்பதைப் பார்க்க வேண்டும். வசந்தகாலப் பயணத்தின் உயிர்நிலை இங்கேதான் இருக்கிறது. புதிதாக விழும் வெண்பனி ஆறு கிளைகளாக விரியும் மெல்லிய படிகங்களின் குவியல். அதில் பெரும்பகுதி காற்றேயாதலால் ஒரு கன மீட்டர் புதுப்பனி 50 முதல் 100 கிலோகிராம் மட்டுமே இருக்கும். அப்படிகத்தின் கூர்முனைகளிலிருந்து நீராவி வெளியேறி உட்குழிவுகளில் மீண்டும் படிய, சில நாள்களிலேயே கிளைகள் மழுங்கி, மணிகள் உருண்டு, ஒன்றையொன்று தொடும் இடங்களில் பனிக்கழுத்துகள் உருவாகி இறுகிவிடுகின்றன. இவ்வாறு தரையில் கிடக்கும் பனியின் உட்கட்டமைப்பு மாறுவதை ‘உருமாற்றம்’ என்பர். காஷ்மீர் மக்கள் திசம்பர் 21 முதல் 40 நாள் நீளும் கடுங்குளிரைச் ‘சில்லை கலான்’ என்றும், அதையடுத்த 20 நாளைச் ‘சில்லை குர்த்’ என்றும், இறுதிப் 10 நாளைச் ‘சில்லை பச்சா’ என்றும் வகுத்து வைத்திருக்கிறார்கள். முதல் 40 நாளில் விழும் பனியே கோடைவரை மலையில் தங்கி ஆறுகளை ஊட்டும் என்னும் அவர்கள் கணிப்பு இயற்பியலோடு பொருந்துவதாகும். ஏனெனில் கடுங்குளிரில் விழுந்து இறுகிய அடுக்கை உருக்குவது எளிதன்று, பின்பனியில் விழும் ஈரப்பனியோ ஏற்கெனவே பூஜ்ய வெப்பநிலையில் இருப்பதால் உருகக் காத்திருக்கிறது.

மார்ச்சு மாதம் பிறந்ததும் உருமாற்றத்தின் போக்கே மாறிவிடுகிறது. பகல் வெயிலில் மேற்பரப்பு உருகி நீர் மணிகளுக்கிடையே இறங்குகிறது. இரவில் அந்நீர் உறைந்து மணிகளைப் பிணைக்கிறது. மறுநாள் மீண்டும் உருகல், மீண்டும் உறைதல். இச்சுழற்சியில் சிறு மணிகள் கரைந்து அவற்றின் நீர் பெரிய மணிகளோடு சேர்ந்துகொள்வதால், சில நாள்களில் ஒன்று முதல் மூன்று மில்லிமீட்டர் விட்டமுடைய பருமணிகள் கொத்துக்கொத்தாகத் திரண்டுவிடுகின்றன. காலை வெயில் ஏறிய நேரத்தில் ஒரு கைப்பிடியளவு அள்ளிப் பார்த்தால், ஊறிய ஜவ்வரிசியைப் போல மணிமணியாக உதிர்ந்து விரலிடுக்கில் உருளும் அதுதான், சறுக்குவோர் ஆவலோடு தேடும் ‘வசந்தப் பனி’. கடினமான அடித்தளத்தின் மேல் இரண்டு மூன்று சென்டிமீட்டர் மட்டும் இளகியிருக்கும் அந்நிலையில் சறுக்குப் பலகையின் விளிம்பு எளிதாகப் பிடித்து எளிதாக விடுகிறது. விழுந்தாலும் அடி மென்மையாகவே படும். ஆகவே புதிதாகக் கற்பவருக்கு நடுக்குளிர்காலத்தின் பொடிப்பனியைவிட இதுவே உகந்தது.

பகலில் உருகியது இரவில் உறைவதற்குக் காற்றின் வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே இறங்கியே தீர வேண்டும் என்பதில்லை. இந்த நுட்பத்தை உணர்ந்தவரே பயணத்தைச் சரியாகத் திட்டமிடுகிறார். உதகமண்டலத்தில் மார்கழி, தை மாதங்களின் தெளிந்த இரவுகளில், தலைகுந்தா போன்ற தாழ்வான புல்வெளிகளில் விடியற்காலையில் உறைபனி வெண்மையாகப் படிந்திருப்பதைத் தமிழகம் நன்கறியும். அப்போது ஆளுயரத்தில் வைத்த வெப்பமானி பூஜ்யத்துக்கு மேலே காட்டிக்கொண்டிருக்கலாம், ஆனால் புல்லின் நுனி தன் வெப்பத்தை அகச்சிவப்புக் கதிர்களாக வானத்துக்கு இழந்து பூஜ்யத்துக்குக் கீழே போயிருக்கும். வெண்பனி கண்ணுக்குத் தெரியும் ஒளியைப் பெரிதும் எதிரொளித்தாலும் அகச்சிவப்பில் மிகச் சிறந்த கதிர்வீசியாகச் செயல்படுகிறது. தெளிந்த வறண்ட இரவில் ஒரு சதுர மீட்டர் பனிப்பரப்பு 70 வாட் அளவில் வெப்பத்தை இழப்பதாகக் கொண்டால், 10 மணி நேரத்தில் ஏறத்தாழ 25 லட்சம் ஜூல் வெளியேறும். ஒரு கிலோகிராம் நீர் உறையும்போது 3,34,000 ஜூல் வெளிவிடும் என்பதால், அந்த ஒரு சதுர மீட்டரில் ஏழரைக் கிலோகிராம் நீர் மீண்டும் உறைந்துவிடும் என்று கணக்கிடலாம். முகில் மூடிய இரவிலோ, முகிலே வெப்பத்தைத் திருப்பி அனுப்புவதால் இந்த இழப்பு மிகவும் குறைந்து, மேற்பரப்பு உறையாமல் சேறுபோலவே விடிகிறது. எனவே பயணிகள் வழக்கமாகப் பார்க்கும் பகல் வெப்பநிலை முன்னறிவிப்பைவிட, இரவில் முகில் இருக்குமா என்னும் முன்னறிவிப்பே அவர்களுக்குக் கூடுதலாகப் பயன்படும்.

சரிவின் முகம், அதாவது அது நோக்கும் திசை, மூன்றாவது காரணி. வள்ளியூர் 8 பாகை அட்சக்கோட்டில் இருப்பதால் மார்ச்சு 21-ஆம் நாள் நண்பகலில் சூரியன் அங்கு ஏறத்தாழ 82 பாகை உயரத்தில், ஏறக்குறைய உச்சியிலேயே நிற்கிறது. சித்திரை பிறக்கும் தறுவாயில் நேர் தலைக்கு மேலேயே வந்துவிடுகிறது. அதனால் மலையின் வடமுகமும் தென்முகமும் பெறும் வெயிலில் பெரும் வேறுபாடு இங்கு தெரிவதில்லை. மலையோரத்து மக்கள் கிழக்கு மேற்கைக் கருதுமளவுக்கு வடக்கு தெற்கைக் கருதத் தேவையும் நேர்வதில்லை. குல்மார்க்கில் அதே நண்பகலில் சூரியன் 56 பாகை உயரத்தில்தான் நிற்கிறது. 25 பாகை சாய்ந்த ஒரு தென்முகச் சரிவில் கதிர்கள் 81 பாகையில், கிட்டத்தட்டச் செங்குத்தாக விழுகின்றன. அதே சாய்வுள்ள வடமுகச் சரிவிலோ 31 பாகையில் சாய்ந்து விழுவதால், அது பெறும் ஆற்றல் தென்முகம் பெறுவதில் ஏறத்தாழப் பாதியே. திசம்பர் 21-இல் அந்த வடமுகச் சரிவில் நண்பகல் வெயில் ஏழெட்டுப் பாகையில்தான் உரசிச் செல்கிறது. ஒரே மலையில், ஒரே உயரத்தில், ஒரே நாளில் ஒரு சரிவு குளிர்காலத்திலும் எதிர்ச்சரிவு வசந்தத்திலும் இருப்பது இதனால்தான். நாளின் நேரமும் இதனோடு இணைகிறது: கிழக்கு நோக்கிய சரிவு காலையில் முதலில் இளகும், தெற்கு அதையடுத்து, மேற்கு பிற்பகலில். வெயிலைப் பின்தொடர்ந்து சரிவு மாறிச் செல்பவர் ஒரு நாளில் சில மணி நேரம் நல்ல பனியில் இருக்கலாம், பிற்பகலில் எழுந்து வருபவருக்குச் சேறே எஞ்சும்.

அச்சேற்றில் பலகை ஏன் சறுக்க மறுக்கிறது என்பதும் அறியத்தக்கது. 1939-இல் பௌடன், ஹியூஸ் என்னும் இரு ஆய்வாளர்கள், சறுக்கும்போது உராய்வினால் எழும் வெப்பம் பனியின் மேல் மிக மெல்லிய நீர்ப்படலத்தை உண்டாக்குகிறது, அப்படலமே மசகாகச் செயல்படுகிறது என்று காட்டினர். ஈரம் மிகும்போது அப்படலம் தடித்துப் பலகையின் அடிப்பரப்போடு ஒட்டி உறிஞ்சிப் பிடிக்கிறது; கடுங்குளிரிலோ படலமே போதாமல் பனி மணல்போல் தேய்க்கிறது. வசந்தத்துக்கென்று தனி மெழுகைப் பலகையின் அடியில் பூசுவது நீரைத் தள்ளி அந்த உறிஞ்சலைக் குறைப்பதற்காகவே. வாடகைக்குப் பலகை எடுக்கும் குழு அடிப்பரப்பு மெழுகிடப்பட்டதா என்று கேட்டறிவது நல்லது.

இவ்வளவையும் மனத்தில் கொண்டு இந்தியாவின் சறுக்குத் தலங்களை நோக்கினால் தேர்வு தானே தெளிவடைகிறது. உத்தரகாண்டின் சமோலி மாவட்டத்திலுள்ள அவுலி, 2,500 மீட்டருக்கும் 3,050 மீட்டருக்கும் இடையே நந்தாதேவியைப் பார்த்தபடி அமைந்த மிக அழகிய சரிவு. கற்பவருக்கு ஏற்ற மென்சாய்வும் அங்கு உண்டு. ஆனால் அது 30 பாகை அட்சக்கோட்டில், குல்மார்க்கைவிடத் தெற்கே இருப்பதாலும், அதன் உச்சியே 3,000 மீட்டரை ஒட்டி முடிந்துவிடுவதாலும், உறைமட்டம் ஏறத் தொடங்கியதும் மேலே ஒதுங்க இடமில்லை. 2011 சனவரியில் தெற்காசியக் குளிர்கால விளையாட்டுகளுக்காக அங்கு செயற்கைப் பனி பொழியும் கருவிகள் அமைக்கப்பட்டன. ஆயினும் போதிய குளிரும் வறட்சியும் இருந்தால்தான் அக்கருவி தெளிக்கும் நீர்த்துளி தரையைத் தொடுமுன் உறையும் என்பதால், மென்குளிர் ஆண்டுகளில் அது கைகொடுப்பதில்லை. 2023 பிப்ரவரியில் தேசியக் குளிர்காலப் போட்டிகள் பனியின்மையால் கைவிடப்பட்டன. அதே ஆண்டு சனவரியில் ஜோஷிமட் நகரில் நிலம் தாழ்ந்து வீடுகளில் விரிசல் கண்டபோது அங்கிருந்து அவுலிக்குச் செல்லும் ரோப்கார் நிறுத்தப்பட்டதையும் மறக்கலாகாது. இமாசலத்தின் சோலாங் பள்ளத்தாக்கு ஏறத்தாழ 2,500 மீட்டரில் உள்ளது; சனவரி, பிப்ரவரிக்கு அது பொருத்தமானது, பங்குனியில் அதை நம்பிப் போவது சரியன்று. அவுலிக்குச் செல்ல விரும்புவோரும் பிப்ரவரி நடுவுக்குள் சென்று திரும்புவதே அறிவு.

குல்மார்க்கின் சிறப்பு ‘கோண்டோலா’ எனப்படும் அதன் கம்பிவட ஊர்தியில் இருக்கிறது. 1998-இல் இயங்கத் தொடங்கிய முதற்கட்டம் ஊரிலிருந்து ஏறத்தாழ 3,080 மீட்டரிலுள்ள கோங்தூரிக்கும், 2005-இல் சேர்ந்த இரண்டாம் கட்டம் அங்கிருந்து அபர்வத் மலைத்தோளில் ஏறத்தாழ 3,950 மீட்டருக்கும் கொண்டுசெல்கிறது. ஊரில் வெப்பநிலை 5 டிகிரி என்று இருக்கும் மார்ச்சு நாளில், 1,300 மீட்டர் உயர்ந்த அந்த மேல்நிலையத்தில் அது பூஜ்யத்துக்குக் கீழே மூன்று நான்கு டிகிரியாக இருக்கும். இதனால் ஒரே தலத்தில் வெவ்வேறு உயரங்களில் வெவ்வேறு பருவங்கள் கிடைக்கின்றன. ஒரு நண்பர் குழுவில் ஒருவர் பலகையே கட்டியிராதவராகவும், மற்றவர் சில ஆண்டு பழகியவராகவும் இருப்பது இயல்பென்பதால், இப்பண்பு பெரிய வசதி. முதன்முறை கற்பவருக்கு ஊரை ஒட்டிய மென்சரிவு, ஓரளவு பழகியவருக்குக் கோங்தூரி, தேர்ந்தவருக்கு மட்டும் அபர்வத். எனினும் குல்மார்க்கும் மாறிவரும் வானிலைக்கு விலக்கன்று: 2024 சனவரியின் பெரும்பகுதியில் அங்கு தரை வெறுமையாகக் கிடந்தது, 2025 பிப்ரவரியில் நடக்கவிருந்த கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டுகள் பனிக்குறைவால் தள்ளிவைக்கப்பட்டு, புதுப்பனி விழுந்தபின் மார்ச்சு 9 முதல் 12 வரை நடந்தன. நடுக்குளிர்காலம் பொய்த்து மார்ச்சு கைகொடுத்த அந்நிகழ்வு, வசந்தப் பயணத்தை இரண்டாந்தரமாகக் கருதுவது பொருந்தாது என்பதற்குத் தக்க சான்று.

தேர்ந்தவருக்கு மட்டும் என்று சொன்னதற்குக் காரணம் பனிச்சரிவு என்னும் பேராபத்து. 30 முதல் 45 பாகைவரை சாய்ந்த மலைமுகங்களிலேயே பெரும்பாலான பனிச்சரிவுகள் நிகழ்கின்றன. அபர்வத்தின் கட்டுப்பாடற்ற பகுதிகள் இந்த வரம்புக்குள் வருவன. 2010 பிப்ரவரியில் அதன் சரிவிலுள்ள கிலன்மார்க்கில் பயிற்சியிலிருந்த இராணுவ வீரர் 17 பேரையும், 2023 பிப்ரவரி 1-இல் வெளிநாட்டுச் சறுக்குநர் இருவரையும் இம்மலை பலிகொண்டது. வசந்தத்தில் ஆபத்தின் தன்மை மாறுகிறது: உருகிய நீர் அடுக்குகளுக்கிடையே இறங்கி அவற்றின் பிணைப்பை அவிழ்ப்பதால், காலையில் பாறைபோல் நின்ற சரிவு பிற்பகலில் தன் எடையாலேயே நழுவக்கூடும். காலணியோடு நடந்தாலே கணுக்கால் புதையுமளவு பனி இளகிவிட்டால் செங்குத்தான சரிவைவிட்டு உடனே இறங்கிவிட வேண்டும் என்பது மலையோர் கடைப்பிடிக்கும் எளிய சோதனை. சண்டிகரில் இயங்கும் பாதுகாப்புப் புவித்தகவலியல் ஆராய்ச்சி நிறுவனம் பனிச்சரிவு எச்சரிக்கை வெளியிடுகிறது. அதையும் சறுக்குக் காவலர் சொல்லையும் மீறிச் செல்லும் துணிச்சல் போற்றத்தக்கதன்று. புதையுண்டவர் முதல் 10, 15 நிமிடங்களுக்குள் மீட்கப்பட்டாலன்றிப் பிழைக்கும் வாய்ப்பு விரைந்து குறைகிறது. குறிப்பலைக் கருவி, நீள்கம்பி, மண்வெட்டி மூன்றும் ஒவ்வொருவரிடமும் இருந்து, அவற்றைக் கையாளவும் தெரிந்திருந்தாலன்றி எல்லைக்கயிற்றைத் தாண்டலாகாது.

கடல்மட்டத்தை ஒட்டிய சமவெளியில் வாழ்பவருக்கு உயரமே தனியொரு சோதனை. குல்மார்க் ஊரில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதன் ஏறத்தாழ 72 விழுக்காடு, மேல்நிலையத்தில் ஏறத்தாழ 62 விழுக்காடு. மூச்சில் புகும் உயிர்வளியும் அதே அளவில் குறைகிறது. 2,500 மீட்டருக்கு மேல் இரவு தங்குவோருக்குத் தலைவலி, குமட்டல், தூக்கமின்மை ஆகியவை வரக்கூடும் என்பதால், முதல் இரவை 1,600 மீட்டரை ஒட்டிய ஸ்ரீநகரிலும், அடுத்த நாளை ஊர்ச்சரிவிலும் கழித்து, மூன்றாம் நாளில் மேலேறுவது உடலுக்கு இணக்கமானது. மேலே தலைவலி கூடினால் மாத்திரையால் அடக்கிக்கொண்டு இருப்பதைவிட இறங்குவதே மருந்து. புறஊதாக் கதிர் ஒவ்வொரு 1,000 மீட்டருக்கும் 10 விழுக்காடு அளவில் கூடுவதோடு, புதுப்பனி அதில் 80 விழுக்காடுவரை மேல்நோக்கி எதிரொளிக்கவும் செய்கிறது. தெக்கத்தி வெயிலில் பழகிய தோலுக்கு எதுவும் ஆகாது என்னும் நம்பிக்கை இங்கு செல்லாது. நிழலுக்கு வைத்த தொப்பி கீழிருந்து வரும் கதிரைத் தடுக்காது, கண்ணாடியின்றிச் சில மணி நேரம் நின்றாலே கருவிழி வெந்து, மாலையில் மணல் உறுத்துவதுபோல் வலிக்கும்.

வள்ளியூருக்கும் குல்மார்க்குக்கும் நேர்கோட்டிலேயே 2,800 கி.மீ.க்கு மேல் தூரம். திருக்குறள் விரைவு ரயிலில் தில்லி, அங்கிருந்து கத்ரா, 2025 சூன் முதல் செனாப் பாலத்தின் வழியாக ஸ்ரீநகர் என்று முழுவதும் இருப்புப்பாதையிலேயே செல்ல இப்போது வழி பிறந்திருக்கிறது. இவ்வளவு தூரம் செல்பவர்கள் மூன்று நாள் சறுக்குவதற்கு ஐந்து நாள் தங்கும்படி திட்டமிடுவது வேண்டும்; ஏனெனில் பனி கொண்டுவரும் அதே மேற்கத்திய இடையூறு ஒன்று வந்தால் இரண்டு நாள் சாலையும் கோண்டோலாவின் இரண்டாம் கட்டமும் அடைபடும், அது விலகிச் சென்ற மறுநாள் வானம் தெளிந்து இரவில் நன்றாக உறையும், ஆனால் புதுப்பனி ஏறிய மேற்சரிவு நிலைகொள்ள மேலும் ஓரிரு நாள் பிடிக்கும். பிப்ரவரி கடைசி வாரத்திலிருந்து மார்ச்சு நடுவரை உள்ள காலமே கற்பவரும் பழகியவரும் கலந்த குழுவுக்குப் பொருத்தமானது. அதற்குப் பின் செல்வதாயின் ஊர்ச்சரிவு கரைந்துவிடக்கூடும் என்பதால், கோங்தூரிக்கு மேல் சறுக்கத் தெரிந்தவர்கள் மட்டும் செல்லலாம். இளகும் பனி யாருக்காகவும் காத்திருப்பதில்லையாதலால், அத்தகைய குழு கோண்டோலா திறக்கும் நேரத்தில் வரிசையில் நின்று, நண்பகல் கடந்ததும் இறங்கிவிட வேண்டும்.